ஐந்து பாட்டு, 21 நிமிடம்: ஏழு அங்குலத் தட்டில் அடங்குமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் நாலு பேர், போஸ்ட்-பங்க் பேண்ட். என் தங்கைதான் பாஸ் கிட்டார். ஐந்து பாட்டு ரெக்கார்ட் செய்துவிட்டோம், மொத்தம் 21 நிமிடம். எந்தக் கம்பெனியிடமும் போகாமல் நாங்களே வினைல் தட்டாகப் போட ஆசை. 7 அங்குலத் தட்டில் ஐந்தையும் அடக்கினால் செலவு குறையுமா? 180 கிராம் தட்டுதான் நல்லதா? 300 காப்பி போடலாமா?" அங்குலம், கிராம், காப்பி என்று மூன்றைக் கேட்டாலும் அவர் கேட்பது உண்மையில் ஒன்றுதான். கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தை எதில் போட்டால், கடைசியில் வரும் தட்டு ஸ்டுடியோவில் கேட்ட மாதிரியே ஒலிக்கும்? அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

என் தொழில் மாஸ்டரிங். பாட்டு மிக்ஸ் ஆன பிறகு அதை செல்போனுக்கோ சிடிக்கோ தட்டுக்கோ ஏற்ற மாதிரி கடைசியாகச் சீர்செய்து கொடுக்கும் வேலை. தட்டு வெட்டும் இயந்திரமான லேத்தில் உட்கார்ந்து நானே வெட்டியதில்லை. வெட்டுகிறவர்களுக்கு ஃபைல் தயார்செய்து அனுப்பி, அவர்கள் திருப்பி அனுப்பும் மாதிரித் தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான் என் அறிவு. ரூபாய்க் கணக்கு இங்கே சொல்ல மாட்டேன். டாலர் விலை, தட்டுக்கான பிவிசி பிளாஸ்டிக்கின் விலை, கூரியர் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஆடுகிற விஷயம் அது. இன்று நான் எழுதும் தொகையை நம்பி நீங்கள் அடுத்த வருடம் வசூல் செய்தால் கையைக் கடிக்கும்.

முதலில் 7 அங்குலம். வேண்டாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஓடும் 7 அங்குலத் தட்டு ஒரு பக்கத்துக்கு நாலு நாலரை நிமிடம் தாங்கும். 33-இல் ஓட்டினால் ஆறு நிமிடம் வரை சமாளிக்கலாம். உங்களுக்கு ஒரு பக்கத்துக்குப் பத்தரை நிமிடம் வேண்டும். காரணம் இதுதான்: தட்டில் ஒலி என்பது ஊசி இடமும் வலமும் ஆடுகிற ஆட்டம். பாட்டு எவ்வளவு சத்தமோ, பாஸ் என்ற கீழ்ஒலி எவ்வளவு கனமோ, அவ்வளவு அகலமாக க்ரூவ், அதாவது ஊசி ஓடுகிற வரி, வளைந்து வளைந்து போகும். இடம் போதாதபோது வெட்டுகிறவருக்கு இரண்டே வழிதான்: மொத்த அளவையும் குறைப்பது, இல்லையென்றால் பாஸை அறுப்பது. அளவைக் குறைத்தால் கேட்பவர் வால்யூமைக் கூட்டுவார். கூட்டும்போது தட்டின் உராய்வுச் சத்தமும் கூடவே ஏறும். பாஸை அறுத்தால் போஸ்ட்-பங்கில் என்ன மிச்சம்? கிட்டார் ஓரமாக நின்று கீறிக்கொண்டிருக்க, பாஸ்தான் மெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போகிற இசை அல்லவா அது.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணமே இருக்கிறது. இங்கிலாந்தின் போஸ்ட்-பங்க் பேண்ட் ஜாய் டிவிஷன் 1977 டிசம்பரில் நாலு பாட்டுப் பதிவு செய்து, 1978 ஜூனில் "ஆன் ஐடியல் ஃபார் லிவிங்" என்று ஒரு 7 அங்குலத் தட்டைத் தங்கள் செலவில் போட்டது. நாலும் சேர்த்தே சுமார் பன்னிரண்டரை நிமிடம்தான், உங்களுடையதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. அதற்கே ஒலி மங்கி, அமுங்கிப் போய்விட்டது. அதே வருடம் அதே நாலு பாட்டை 12 அங்குலத்தில் மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு தடவை செலவு. அந்த முதல் தட்டு இன்றைக்கு ஏலத்தில் பெரிய விலைக்குப் போகிறது என்பது வேறு கதை, அது பேண்டின் பெயருக்குக் கிடைக்கும் விலை.

ஆகவே 12 அங்குலம், அதுவும் 45 சுழற்சி. 12 அங்குலத்தை 33-இல் வெட்டினால் ஒரு பக்கம் பதினெட்டு, இருபது நிமிடம் வசதியாக அடங்கும். 45-இல் பதினொன்று, பன்னிரண்டு. உங்கள் 21 நிமிடம் இரண்டு பக்கமாகப் பிரிந்து இந்த 45-க்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். வேகம் ஏன் முக்கியம் என்றால், 33-இல் சுழலும் 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் க்ரூவ் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே ஒரு வினாடி ஒலியை பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி எழுத வேண்டும். ஹை-ஹாட், "ஸ்" ஒலி எல்லாம் கரகரப்பது அங்கேதான். 45-இல் வெளி ஓரத்தில் வினாடிக்கு 69 சென்டிமீட்டர் கிடைக்கிறது. 1979-இல் பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற பேண்ட் தங்கள் "மெட்டல் பாக்ஸ்" ஆல்பத்தை ஒரே எல்பியாகப் போடாமல், மூன்று 12 அங்குலத் தட்டாக, 45-இல், தகர டப்பாவில் அடைத்து விட்டார்கள். டப்பாவைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என் காதுக்கு அதில் பெரிய விஷயம், அவர்களின் பாஸ் கலைஞர் ஜா வாபிளின் பாஸுக்கு அந்த அகலமான க்ரூவ் கொடுத்த இடம்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்குப் போய், பழைய சினிமா எல்பி ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வயலின் மட்டும் வரும் இடத்தில் வரிகள் நெருக்கமாக இருக்கும். தபலாவும் பாஸும் சேரும் இடத்தில் வரிகள் விலகித் தெரியும். பாட்டைக் கேட்காமலே அது எங்கே கனக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

7 அங்குலத்தில் செலவு குறையுமா என்றால், குறையும்தான், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. தட்டு அச்சடிப்பதில் பெரிய பங்கு முதலிலேயே வந்துவிடுகிறது. அரக்கு பூசிய அலுமினியத் தட்டில் பாட்டை வெட்ட வேண்டும். அதன் மேல் வெள்ளி தூவி, நிக்கல் முலாம் ஏற்றி, உரித்தெடுத்து, அதிலிருந்து ஸ்டாம்பர் என்ற அச்சை உருவாக்க வேண்டும். சின்னத் தட்டோ பெரிய தட்டோ, பத்துக் காப்பியோ ஆயிரம் காப்பியோ, இந்த வேலை அதேதான். பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஆகிற பிளாஸ்டிக்கிலும் அஞ்சலிலும்தான் வித்தியாசம்.

இப்போது உங்கள் தங்கையின் பாஸுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மாதிரி ஃபைலில் பாஸுக்கு ஸ்டீரியோ கோரஸ், அதாவது ஒலியை இடமும் வலமும் விரிக்கிற எஃபெக்ட், போட்டிருக்கிறீர்கள். ஹெட்போனில் அருமையாக விரிகிறது. தட்டில் அது வம்பு. ஸ்டீரியோ க்ரூவில் இடது, வலது இரண்டிலும் பொதுவாக இருக்கிற ஒலி ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஊசியை மேலும் கீழுமாக ஆட்டும். கோரஸ், ஃபிளாஞ்சர் மாதிரிக் கருவிகள் கீழ்ஸ்தாயியில் இடது வலதை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பிவிட்டால், க்ரூவ் ஓரிடத்தில் ஆழமாகவும் அடுத்த கணம் ஏறக்குறைய ஆழமே இல்லாமலும் போகும். ஆழமில்லாத இடத்தில் ஊசி குதித்துப் பக்கத்து வரிக்குப் போய்விடும். வெட்டுகிறவர் இதைப் பார்த்தவுடன் ஒரு கருவி வைத்துக் கீழ்ஒலியை மோனோவாக்கி, அதாவது இடது வலதை ஒன்றாக்கி, விடுவார், உங்களைக் கேட்காமலே. அதற்குப் பதில் நீங்களே மிக்ஸுக்குத் திரும்பிப் போய், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸையும் கிக் டிரம்மையும் நடுவில் கொண்டுவந்து, கோரஸை மேல்ஸ்தாயிக்கு மட்டும் விடுங்கள். விரிவு போகாது, காதுக்கு விரிவு தெரிவது பெரும்பாலும் மேலேதான். இந்த ஒரு திருத்தம் உங்கள் தட்டுக்கு 180 கிராமைவிட நூறு மடங்கு நல்லது செய்யும்.

பாட்டு வரிசையையும் மறுபடி யோசியுங்கள். கத்தல் அதிகமாக, சிம்பல் விளாசுகிற பாட்டுகள் ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் வரட்டும். மெதுவாகப் போகிற நாலாவது பாட்டு ஒரு பக்கத்தின் கடைசிக்கு நன்றாகப் பொருந்தும். பாடுகிறவரின் "ஸ", "ச" கூர்மையாக இருக்கிற இடங்களை டி-எஸ்ஸர் போட்டுக் கொஞ்சம் மழுக்குங்கள். தட்டு வெட்டும்போது ஆர்ஐஏஏ வளைவு என்ற விதிப்படி கீழ்ஒலியைக் குறைத்து மேல்ஒலியைத் தூக்கித்தான் எழுதுவார்கள். வீட்டிலுள்ள ஃபோனோ ஆம்ப் அதைத் தலைகீழாக்கித் திருப்பிக் கொடுக்கும். தூக்கி எழுதுவதால், ஏற்கெனவே கூர்மையான "ஸ்" வெட்டும் முனைக்கே தாங்க முடியாத வேகமாகிவிடுகிறது.

யூடியூபுக்குச் செய்த மாஸ்டரையே தட்டுக்கும் அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அனுப்பினால் தட்டு வரும், ஆனால் அனுப்பாதீர்கள். லிமிட்டர் என்ற, ஒலியின் உச்சங்களை அமுக்குகிற கருவியைப் போட்டு அமுக்கிய ஃபைல் தட்டில் அதிகச் சத்தமாக வராது, தட்டையாகத்தான் வரும். லிமிட்டர் இல்லாத 24-பிட் வேவ் ஃபைல், ஒரு பக்கத்துக்கு ஒன்று, பாட்டுகளுக்கு நடுவே வேண்டிய இடைவெளியோடு, கூடவே எந்தப் பாட்டு எந்த வினாடியில் தொடங்குகிறது என்ற பட்டியல். இது போதும்.

எத்தனை காப்பி? இங்கேதான் நான் உறுதியாகத் தெரிந்ததிலிருந்து என் அபிப்பிராயத்துக்கு நகர்கிறேன். இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் பேண்ட் 1977 ஜனவரியில் "ஸ்பைரல் ஸ்க்ராட்ச்" தட்டைத் தங்கள் சொந்தக் கம்பெனிப் பெயரில் போட்டபோது, 500 பவுண்டு கடன் வாங்கி, 1,000 காப்பி அச்சடித்தார்கள். அதே வருடம் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற பேண்ட், இது சுலபம், மலிவு, நீங்களும் போய்ச் செய்யுங்கள் என்று தட்டிலேயே பாடி வைத்தது. 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற பேண்ட் ஒருபடி மேலே போய், ஸ்டுடியோவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கையே அட்டையில் அச்சடித்துவிட்டார்கள். இவற்றைப் படித்துவிட்டுத்தான் பலருக்கும் 300, 500 என்ற எண்கள் மனதில் வருகின்றன. ஆனால் அன்று இங்கிலாந்தில் பாட்டை ஊருக்குக் கொண்டுபோக ஏறக்குறைய இருந்த ஒரே மலிவான வழி 7 அங்குலத் தட்டு. இளைஞர் இருக்கிற பல வீடுகளில் பிளேயர் இருந்தது. இன்று நிலைமை நேர் எதிர். பாட்டை இலவசமாக உலகத்துக்கு அனுப்பலாம், தட்டுதான் விலை உயர்ந்த பொருள். நீங்களே ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள்: உங்கள் நிகழ்ச்சிக்கு வருபவர்களில் வீட்டில் தட்டுப் பிளேயர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் எல்லாம் சேர்த்து உங்களுக்குத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்கள் நினைவுப்பொருளாக வாங்குவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் நினைவுப்பொருள் 300 விற்க நேரம் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் 100. பல அச்சாலைகள் குறைந்தபட்சம் அவ்வளவுக்கு ஒப்புக்கொள்கின்றன. ஒரு காப்பிக்கு விழும் செலவு 300-ஐவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் மொத்தத்தில் நீங்கள் இழக்கக்கூடிய பணம் குறைவு. ஸ்டாம்பர் சாதாரணமாக ஆயிரம் காப்பி வரை தாங்கும். எனவே விற்றுத் தீர்ந்தால் மறுபடி அச்சடிக்கலாம். அச்சு எத்தனை மாதம் பத்திரமாக வைத்திருப்பார்கள், யாருக்குச் சொந்தம் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இருபது முப்பது போதும் என்றால் லேத்-கட் என்று ஒரு வழி இருக்கிறது. அச்சே இல்லாமல், ஒவ்வொரு தட்டையும் பாட்டு ஓட ஓடத் தனித்தனியாக வெட்டுவார்கள். ஒலித் தரம் வெட்டுகிறவர் கையைப் பொறுத்தது. பொதுவாக அச்சடித்த தட்டுக்குக் கீழேதான்.

எங்கே அச்சடிப்பது? ஒரு காலத்தில் கல்கத்தா டம் டம் ஆலையிலிருந்து நாடு முழுக்கத் தட்டு வந்தது. கேசட்டும் சிடியும் வந்து அந்தத் தொழிலை மூடிவிட்டன. 2024-இல் மும்பையில் மறுபடி ஓர் அச்சாலை தொடங்கியிருக்கிறது. அவர்களிடமும், வெளிநாட்டில் இரண்டு இடத்திலும் கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுங்கள். வெளிநாடு என்றால் ஐஇசி என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண் வேண்டும், சுங்கவரி இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் யாரையாவது ஆர்டர் கொடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள், சரக்கு வந்து நின்ற பிறகு அல்ல. காலதாமதமும் எதிர்பார்த்ததுதான். அரக்குத் தட்டு செய்ய உலகத்தில் இரண்டே பெரிய ஆலைகள் இருந்தன. அதில் கலிஃபோர்னியாவில் இருந்தது 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. எனவே வெளியீட்டு நாளை, பெட்டி கைக்கு வந்த பிறகு அறிவியுங்கள்.

இனி சந்தேகத்துக்கு இடமுள்ளவை. 180 கிராம் தட்டு நன்றாக ஒலிக்கும் என்பதை நான் நம்பவில்லை. க்ரூவின் ஆழம் எடையோடு மாறுவதில்லை. கனமான தட்டு சீக்கிரம் வளையாது என்பதில் ஓரளவு உண்மை இருக்கலாம், ஆனால் சரியாக ஆறவைக்காத 180 கிராம் தட்டும் வளைந்துதான் வரும். 140 கிராம் தாராளம், அஞ்சலிலும் மிச்சம். கலர் தட்டு இரைச்சல் போடும் என்பார்கள். பழைய நாளில் அதில் நியாயம் இருந்தது, இன்று நல்ல ஆலையில் கறுப்புக்கும் ஒற்றை நிறத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் கேட்டதில்லை. பல நிறம் கலந்து தெளித்த மாதிரிச் செய்வதில் மட்டும் சிலசமயம் கேட்டிருக்கிறேன். அரக்குக்குப் பதில் செம்புத் தகட்டில் வெட்டும் டிஎம்எம் முறை பற்றி ஆளுக்கொரு கருத்து. மேல்ஒலி துல்லியமாக, கொஞ்சம் கடினமாக வரும் என்பது என் அனுபவம். உங்கள் கிட்டார் ஏற்கெனவே கண்ணாடியில் கீறுகிற ரகம் என்பதால் நான் அரக்கையே கேட்பேன்.

அட்டை விஷயத்தில் வடசென்னைக்காரருக்கு இருக்கிற வசதி வேறு யாருக்கும் இல்லை. அச்சாலையில் வெற்று அட்டை உறை மட்டும் வாங்கிக்கொண்டு, மேலே ஒட்டும் தாளை ஆண்டர்சன் தெருவில் வாங்கி, ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிற கடையில் இரண்டு நிறத்தில் அடியுங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கை, கறுப்பு-ஆரஞ்சு போஸ்டரையும் சுத்தமாக அடிக்கும். 12 அங்குல உறை சுமார் 315 மில்லிமீட்டர் சதுரம், ஏ3 தாளின் அகலமோ 297. ஆக ஏ3-இல் முழுவதும் மூட முடியாது. ஓரத்தில் வெற்று அட்டை தெரிகிற மாதிரி வடிவமைத்தால் அது குறையாகத் தெரியாது. நடு லேபிளை மட்டும் இங்கே அடிக்காதீர்கள். அதை ஒட்டுவதில்லை, அடுப்பில் ஈரம் போக உலர்த்தி, தட்டோடு சேர்த்துச் சூட்டில் அழுத்துகிறார்கள். தப்பான தாளும் மையும் கொப்பளித்துவிடும்.

உங்கள் ஏரியா பெயரை ரன்-அவுட்டில், அதாவது பாட்டு முடிந்து லேபிள் வரை வெறுமையாக இருக்கிற வளையத்தில், பொறிக்க முடியுமா என்றால் முடியும். வெட்டுகிறவர் அரக்கில் கையால் கீறுகிற எழுத்து அது. தமிழில் வேண்டுமென்றால் நாலைந்து எழுத்தோடு நிறுத்தி, பெரிதாக எழுதிய படம் அனுப்புங்கள், அவர் பார்த்து வரைவார். கொம்பு, சுழி அதிகமில்லாத சொல்லாகத் தேர்ந்தெடுப்பது அவருக்குச் செய்கிற உதவி.

டெஸ்ட் பிரஸ்ஸிங் என்று ஐந்து பத்து மாதிரித் தட்டு முதலில் வரும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு சரி சொல்லிவிடுகிற பேண்டுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். எல்லாத் தட்டிலும் அதே இடத்தில் "டப்" என்று கேட்டால் கோளாறு அச்சில், மறுபடி செய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே தட்டில் மட்டும் கேட்டால் அது அந்தத் தட்டின் தூசியோ காற்றுக்குமிழியோ. நீளமாக நிற்கிற கிட்டார் ஸ்வரம் மேலும் கீழும் ஆடினால் நடுத்துளை விலகியிருக்கிறது. நல்ல பிளேயரில் ஒருமுறை, பெட்டி மாதிரி வரும் மலிவான பிளேயரில் ஒருமுறை கேளுங்கள். வாங்குகிறவர் பலரிடம் இரண்டாவதுதான் இருக்கும், பாஸ் குதிப்பதும் முதலில் அதில்தான் தெரியும்.

கடைசியாக, விற்கும்வரை எங்கே வைப்பது. உங்கள் ரிகர்சல் ரூமுக்குத் தகரக் கூரை என்று சொன்னீர்கள், அங்கே வேண்டாம். மே மாத மதியத்தில் அந்த மாதிரி அறையிலும் மூடிய காரிலும் வினைல் மெல்ல மெல்ல வளைந்துவிடும். படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வையுங்கள். உள்ளுறை வெறும் காகிதமாக இருந்தால் நம் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பாலித்தீன் உள்ளுறை கேட்டு வாங்குங்கள். மாடி வீட்டில் இடம் கொடுக்கிற நண்பர் இருந்தால் பெட்டிகளை அங்கே ஏற்றிவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.